ரீகிரைண்ட் செய்த கேம் ஷாஃப்ட்டைப் புதிது என்று விற்கலாமா?

கேள்வி: சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். போன ஆண்டு இன்ஜினைப் பிரித்தபோது கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டதாக மெக்கானிக் சொன்னார். 'கம்பெனி ஒரிஜினல், புதுசு' என்று மாட்டி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டார். ஐந்தே மாதத்தில் டேப்பெட் சத்தம், இழுவையும் இல்லை. வேறு பட்டறையில் பிரித்துப் பார்த்தவர்கள், இது ரீகிரைண்ட் செய்த பழைய ஷாஃப்ட் என்கிறார்கள். பழைய மெக்கானிக்கைக் கேட்டால், 'எல்லாம் ஒண்ணுதான்' என்கிறார். வழக்குப் போட முடியுமா? தொழில் வண்டி என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்கிறார்களே?
வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாகப் போடலாம். அதற்கு முன் ஒன்று: அந்த ஷாஃப்ட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பழைய மெக்கானிக்கிடமும் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியச் சாட்சி அதுதான்.

'எல்லாம் ஒண்ணுதான்' என்பது தவறு. கம்பெனி ஒரிஜினல் என்றால் வண்டி தயாரித்த நிறுவனம் வகுத்த அளவும் கடினத்தன்மையும் கொண்ட புதுப் பொருள். வெளி கம்பெனிப் பொருளும் புதிதுதான். ஒரிஜினல் அளவிலேயே செய்பவர்கள் உண்டு, வேகத்துக்காக வால்வு திறக்கும் உயரத்தையும் நேரத்தையும் கூட்டிச் செய்பவர்களும் உண்டு. ரீகிரைண்ட் என்பது தேய்ந்த பழைய கேமை, அதாவது ஷாஃப்ட்டில் வால்வைத் திறக்கும் புடைப்பை, சாணை பிடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது. இதில் மேல்பரப்பின் கடினமான அடுக்கு குறையும். மறுபடி கடினப்படுத்தி, டேப்பெட் இடைவெளியையும் சரிசெய்தால் நன்றாகவே உழைக்கும். உதிரிபாகம் கிடைக்காத பழைய இன்ஜின்களுக்கு அதுதான் வழி. எனவே ரீகிரைண்ட் செய்வது குற்றமல்ல. அதை மறைத்துப் புதிது என்று விற்பதுதான் குற்றம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதை நேரடியாகவே சொல்கிறது. புதுப்பித்த பொருளையோ பழைய பொருளையோ புதிது என்று பொய்யாகக் காட்டுவது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. தெரிவிக்கவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது, பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு.

தொழில் வண்டி என்ற பயம் வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தும் பொருளை 'வணிக நோக்கம்' என்ற விலக்கில் சட்டம் சேர்ப்பதில்லை. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்மனுதாரராக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், தன் ஆட்டோவைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் விளக்கியது. முழுக்க முழுக்க ஆள் வைத்து ஓட்டுபவருக்குத்தான் சிக்கல். மனுவில் 'வண்டியை நானே ஓட்டுகிறேன், இதுவே என் வாழ்வாதாரம்' என்று தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது ஆதாரம். கேமின் மூக்குப் பகுதிதான் சுமை தாங்கித் தேயும். வட்டமான பின்பக்கம் சாதாரண ஓட்டத்தில் அதிகம் தேயாது. சாணை பிடிக்கும்போது அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்துக் குறைத்தால்தான் வால்வு உயரம் பழையபடி வரும். அதே பாக எண் கொண்ட புது ஒரிஜினலை அருகில் வைத்து, மைக்ரோமீட்டரால் இரண்டின் பின்பக்க விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். உங்களுடையது எல்லாக் கேமிலும் குறைவாக இருந்தால் அது சாணை பிடித்ததற்கு வலுவான அடையாளம். அளவுகளை எழுதி, அளந்தவரிடம் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள்; படங்களும் எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், பிரிவு 38-இன் கீழ் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி நுகர்வோர் ஆணையத்தை (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்) கேட்கலாம்.

'ஆயில் மாற்றாமல் ஓட்டினார், அதனால் தேய்ந்தது' என்று அவர்கள் வாதிடக்கூடும். ஆயில் மாற்றிய பில்களைத் தேடி எடுத்து வையுங்கள். பணம் அனுப்பிய ஜிபே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

முதலில் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். காலக்கெடு 2 ஆண்டு. கொடுத்த பணம், மறுபடி பிரித்து மாட்டிய கூலி, வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சமரசமாக முடிக்க நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். கம்பெனிப் பெயர் போட்ட போலிப் பெட்டியில் வைத்துத் தந்திருந்தால் காவல்துறையிலும் புகார் கொடுங்கள்.

இன்ஜின் வேலைக்கு விடும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கேம் ஷாஃப்ட் 1' என்று மொட்டையாக எழுதிய பில்லை வாங்காதீர்கள். ஒரிஜினலா, வெளி கம்பெனியா, ரீகிரைண்டா என்பதையும் பாக எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.