வளைவைப் பார்த்து விலை பேசாதீர்கள்

பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் நடுவே ஒரு படம் வந்து விழுந்தால் போதும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் நேராக இல்லாமல் நெளிந்து கிடந்தால், "ஹெட்சின்ஸ்!" என்பார் ஒருவர். "அதிர்வே தெரியாது, அதற்காகத்தான் அந்த வளைவு" என்பார் அடுத்தவர். முதலாமவர் சொன்னது பாதி சரி. இரண்டாமவர் சொன்னது, கடைக்காரரின் விளம்பரத்தை இத்தனை வருஷம் கழித்தும் இலவசமாக ஓட்டிக்கொண்டிருப்பது.

நம்பிக்கை: வளைந்த கம்பி ஸ்பிரிங் மாதிரி மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும்.

உண்மை: லண்டன் டாட்டன்ஹாமில் கடை வைத்திருந்த ஹைமன் ஹெட்சினும், அவருக்கு ஃப்ரேம் கட்டித் தந்த ஜாக் டென்னியும் 1930களில் அந்த வளைவைக் கொண்டுவந்தபோது அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் சாலையின் குலுக்கலை முதலில் வாங்குவது காற்றடைத்த டயர், அடுத்தது சீட்டின் தோல். எஃகுக் கம்பி விட்டுக்கொடுப்பது இவற்றின் பக்கத்தில்கூட வராது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், எந்த வளைவும் தராத சுகம் செலவில்லாமல் கிடைக்கும்.

அப்புறம் ஏன் அத்தனை பாடு? பிரிட்டனில் அன்று அமெச்சூர் பந்தய விதிகள் கெடுபிடியானவை. வீரர் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரமாகிவிடக் கூடாது என்று, பத்திரிகைப் படத்தில் ஃப்ரேம் மேலிருக்கும் பெயரை அழித்துவிடுவார்கள். பெயரை அழிக்கலாம், கம்பியின் வளைவை எப்படி அழிப்பது? ஹெட்சின்ஸ் பின்பக்கத்தை வளைத்தது. ஹொரேஸ், எட்டி என்ற பேட்ஸ் சகோதரர்கள் முன் ஃபோர்க்கை இரண்டு முறை வளைத்து 'டயட்ரன்ட்' என்று பெயர் வைத்தார்கள். பிராட்ஃபோர்டின் பெய்ன்ஸ் சகோதரர்களுடைய ஃப்ரேமோ நடுவே ஒரு குழாய் செங்குத்தாக நிற்க, பார்ப்பதற்குத் தோட்டத்துக் கேட் போலவே இருந்தது. 'ஃப்ளையிங் கேட்' என்ற பட்டப்பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்காக எல்லாமே வெறும் விளம்பரம் என்று அடித்துப் பேசுவதும் தப்பு. பெய்ன்ஸ் ஃப்ரேமில் சீட், செங்குத்துக் குழாய்க்குப் பின்னால் ஒரு குட்டிக் குழாயில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் பின்சக்கரத்தை இன்னும் முன்னால் தள்ள முடிகிறது, வண்டியின் நீளம் குறைகிறது. வண்டி சட்டென்று திரும்பும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது டர்ஸ்லி பெடர்சன் என்ற சைக்கிள். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக் கட்டியது. முதல்முறை பார்ப்பவர், 'ஏறி உட்கார்ந்தால் முறிந்துவிடுமே' என்றுதான் நினைப்பார். முறியாது. முக்கோணத்தில் அடங்கிய குழாய்க்குப் பெரும்பாலும் நெட்டுவாக்கில் அழுத்தமோ இழுப்போதான் வரும், அதை வளைக்கும் விசை குறைவு; ஒல்லிக் குழாயே போதும். இது ஃப்ரேமில் புதுமை தேடி உருவானதும் அல்ல. பாலைச் சுழற்றிக் கிரீம் பிரிக்கும் இயந்திரத்தோடு இங்கிலாந்தின் டர்ஸ்லிக்கு வந்த டென்மார்க்காரர் மிகேல் பெடர்சனுக்கு, அன்றைய சீட்டுகள் பிடிக்கவில்லை. கயிற்றால் பின்னிய தூளி ஒன்றைச் செய்தார். தூளி கட்ட முன்னும் பின்னும் இரண்டு உச்சிகள் வேண்டுமே! அவற்றைத் தாங்கத்தான் அந்த ஃப்ரேம். 1893இல் காப்புரிமை வாங்கினார்.

நம்பிக்கை: வடிவம் தெரிந்தால் செய்தவர் யார், எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

உண்மை: விலை பேசும் இடத்தில் கையைச் சுடுவது இதுதான். இன்று ஓடும் பெடர்சன்களில் பல, 1970களின் கடைசியில் கோபன்ஹேகனில் மறுபடி செய்யத் தொடங்கிய வகை. ஃப்ளையிங் கேட்டையும் அதே காலத்தில் டி.ஜே. சைக்கிள்ஸ் புதுப்பித்தது. ஹெட்சின்ஸ் நேர்க் கம்பி ஃப்ரேம்களும் விற்றது. நேராக இருக்கிறதே என்று ஒதுக்கினால் நல்ல ஃப்ரேம் கைநழுவும். அதன் கைவேலையைப் பார்க்க வேண்டிய இடம் வளைவு அல்ல, குழாய்கள் கூடும் இடத்து 'லக்'. எஃகில் கொடியும் சுருளும் போல வெட்டி, விளிம்பை அரத்தால் தாள் மாதிரி மெலிதாக்கியிருப்பார்கள். மறுபெயின்ட் அடித்தவர் தடிமனாகப் பூசியிருந்தால் அந்த விளிம்பு மழுங்கியே தெரியும்.

ஆகவே வண்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியில் பெரும்பாலும் எண் குத்தியிருக்கும். ஃபோர்க்கைக் கழற்றினால், ஹேண்டில் தண்டு நுழையும் குழாயிலும் பல பிரிட்டிஷ் கட்டுநர்கள் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள். இரண்டும் வேறானால் ஃபோர்க் வேறு வண்டியுடையது. பிரேக், செயின் சக்கரம், சீட் இவற்றை வைத்து வயசு சொல்லாதீர்கள். அவை எத்தனையோ முறை மாறியிருக்கும்.

'ரெனால்ட்ஸ் 531' ஸ்டிக்கரையும் நின்று படியுங்கள். 1935இல் வந்த குழாய் அது. முக்கியக் குழாய்கள் மட்டும் 531 என்றால் ஒரு வாசகம். ஃபோர்க், பின்கம்பிகள் உட்பட எல்லாம் என்றால் வேறு வாசகம். அதோடு, புது ஸ்டிக்கர் தனியாக விலைக்குக் கிடைக்கிறது. சீட் தண்டை உருவி, வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். சரியாகப் பொருந்தியிருந்த தண்டு 27.2 மில்லிமீட்டர் என்றால் குழாயின் சுவர் மெலிது, ஸ்டிக்கர் சொல்வது உண்மையாக இருக்கலாம். 25.4 என்றால் தடித்த சாதாக் குழாய். விற்பவர் கேட்கும் விலைக்கு அவரிடமே காரணம் கேளுங்கள்.