கச்சான் காற்றில் சைக்கிள் பந்தயம்: உத்தரகோசமங்கைப் பிள்ளைகளுக்கு

அண்ணா பிறந்தநாளையொட்டி, செப்டம்பர் மாதத்தில் மாவட்டந்தோறும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. அதற்கு மேல் 17 வயது வரை மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும் என்பதால், பள்ளிக்குப் போய்வரும் வண்டியிலேயே கலந்துகொள்ளலாம். விலை உயர்ந்த வண்டி இல்லை என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பெரியவர்களாகி 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

செய்ய வேண்டியவை

கிளம்பும் முன் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் ஊரில் ஏறிப் பழக மலை இல்லை. அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் முதலில் சாயல்குடி பக்கம் எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். வாடை அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் ராமநாதபுரம் பக்கம் போய்த் திரும்புங்கள். முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டப் பழகுவதற்குக் காசு செலவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு எதிலும் இல்லை.

சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் சரியான உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்தே ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு அதுவே முதல் காரணமாகிவிடுகிறது.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பக்கத்தில் வருபவருடன் பேச முடிகிற வேகத்திலேயே ஓட்டுங்கள். இரண்டு நாள் மட்டும் கடும் பயிற்சி: நான்கு நிமிடம் மூச்சு வாங்க மிதித்து, நான்கு நிமிடம் மெதுவாக ஓட்டி, அதை நான்கைந்து முறை செய்தால் போதும்.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று எடுத்துக்கொண்டு, அன்று வண்டியைத் தொடாமல் இருங்கள். உடம்புக்கு வலு ஏறுவது தூக்கத்திலும் ஓய்விலும்தான். இதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்; ஓய்வெடுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டக் கூடாது.

ஓட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சோறும் மீன் குழம்பும் போதும். இல்லையென்றால் முட்டை, அவித்த வேர்க்கடலை. இதற்கென்று டப்பா பவுடர் வாங்கத் தேவையில்லை.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டும்.

செய்யக்கூடாதவை

சாலையின் ஓர மண்ணில் இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பஞ்சரானால் டியூப்பை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடைத்து வாருங்கள். துணியின் நூல் எங்கே சிக்குகிறதோ அங்கேதான் முள். அதைப் பிடுங்காமல் மாட்டினால் அடுத்த பஞ்சர் நிச்சயம்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காதீர்கள். நம் புழுக்கத்தில் வேர்வையோடு உப்பும் போகிறது. உப்பு போட்ட மோர் அல்லது நீராகாரம் குடியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. பதநீர் இறக்கும் காலத்தில் அதைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது.

பாம்பன் சாலைப் பாலத்தில் வேகப் போட்டி வேண்டவே வேண்டாம். 1988-இல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைப்பே கிடையாது. பக்கக்காற்றுக்கு எதிராக உடம்பைச் சாய்த்து ஓட்டுவோம். பேருந்து ஒன்று கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்று, உடனே அறைந்ததுபோல மறுபடி அடிக்கும். அந்த ஒரு கணத்தில் வண்டி பேருந்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடியுங்கள், பாலத்து இணைப்புப் பட்டைகளை நேராகக் கடந்து செல்லுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் மணல் படிந்திருக்கும் இடத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள்.

ஆருத்ரா தரிசனத்தையொட்டிய நாட்களில் உள்ளூர்ச் சாலையில் பயிற்சி வேண்டாம். சந்தனக்காப்பு களைந்த மரகத நடராஜரைப் பார்க்க ஊரே வண்டிகளால் நிறைந்துவிடும்.

போட்டிக்கு முந்தைய வாரம் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கூடுதலாக ஓட்டாதீர்கள். வழக்கமான தூரத்தில் பாதி போதும். புதுச் செருப்பு, புதுச் சீட்டு, புதுச் சாப்பாடு எதையும் அன்று சோதிக்காதீர்கள்.

முழங்கால் வலியோடு ஓட்டாதீர்கள். சீட்டைச் சரிசெய்து, ஒரு வாரம் ஓய்வெடுத்தும் வலி போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.