பெரியவர்களும் பை நிறைய மாத்திரையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதிக் கொடுப்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. தினமும் ஐந்து மருந்துக்கு மேல் சாப்பிடும் முதியவர்கள் நம் வீடுகளில் நிறைய. சிலருக்கு அத்தனையும் தேவைதான். ஆனால் எது எதற்கு என்று யாருமே கணக்குப் பார்க்காவிட்டால் ஆபத்து.

நம்பிக்கை: டாக்டர் எழுதியதுதானே, எத்தனை வருடமானாலும் அப்படியே தொடரலாம்.

உண்மை: 60 வயதில் ஒத்துக்கொண்ட அளவு 75 வயதில் அதிகமாகிவிடலாம். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் மருந்து உடலிலேயே தங்கும். கிளிபென்கிளமைடு என்ற பழைய சர்க்கரை மாத்திரை இப்படித் தங்கி, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோய்விடும். வியர்வை, குழப்பம், மயக்கம் என்று அது வெளிப்படும். 'வயசாச்சு, தடுமாறுறார்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

நம்பிக்கை: புதுத் தொந்தரவு வந்தால் அது புது நோய்.

உண்மை: அது பழைய மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம். பிரஷருக்குத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதை நீர்க்கோப்பு என்று நினைத்து, சிறுநீர் பெருக்கும் மாத்திரை சேர்க்கப்படும். அது யூரிக் அமிலத்தைக் கூட்டி மூட்டுவலியைக் கொண்டுவரலாம். அதற்கு ஒரு வலி மாத்திரை. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருந்திருக்காது.

நம்பிக்கை: அட்டையில் பெயர் வேறு என்றால் மருந்தும் வேறு.

உண்மை: ஸ்டாம்லோ, அம்லாங், அம்லோபிரஸ் மூன்றுமே அம்லோடிபின்தான். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தனியார் டாக்டர் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரு மடங்காகிவிடும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

நம்பிக்கை: வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கினால் ஒன்றும் ஆகாது.

உண்மை: டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். லோசார்டன் அல்லது எனலாப்ரில், சிறுநீர் பெருக்கி இவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யலாம்.

நம்பிக்கை: ஆஸ்பிரின் எல்லோருக்கும் இதயப் பாதுகாப்பு.

உண்மை: 70 வயது தாண்டிய ஆரோக்கியமானவர்களுக்குப் பலனைவிட ரத்தக்கசிவே அதிகம் என்று 2018இல் வெளியான 'ஆஸ்ப்ரீ' ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை: மாத்திரை அதிகம் என்று தோன்றினால் நாமே குறைத்துக்கொள்ளலாம்.

உண்மை: கூடவே கூடாது. மெட்டோப்ரோலால், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை போன்றவற்றைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். கண் சொட்டு மருந்து, சூரணம், கடையில் வாங்கியது எதையும் விடாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது எதற்கு? இன்னும் வேண்டுமா? சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவா?' என்று கேளுங்கள். அப்பா அம்மாவுக்குக் கேட்கத் தயக்கம் இருக்கும். கூடப் போகும் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.