கமிட்டி விசாரிக்கும், ஓட்டு ஊருக்குத்தான்

கொல்லிமலையில் உங்கள் தாத்தா காலத்திலிருந்து பாடுபட்டு வரும் காடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், ஓரத்தில் ஓட்டு வீடு. பதிவேட்டில் மட்டும் அது வனத்துறை நிலம். வன உரிமை கேட்டு மனு கொடுத்தீர்கள். ஒருநாள் சந்தையில் பார்த்த கமிட்டி உறுப்பினர், “உன் மனு தள்ளுபடி ஆயிடுச்சுப்பா” என்கிறார். அவ்வளவுதானா?

இல்லீங்க. அப்படித் தள்ளுபடி செய்ய அவருக்கோ கமிட்டிக்கோ அதிகாரமே கிடையாது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பதே கிராம சபைதான். 10 முதல் 15 பேர். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பழங்குடியினர் வாழும் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களே இருக்க வேண்டும். மனுவை வாங்கி எழுத்தில் ஒப்புகை தருவது, நிலத்தை நேரில் பார்ப்பது, வரைபடம் போடுவது, தன் கருத்தைச் சபை முன் வைப்பது: குழுவின் வேலை இத்தோடு சரி. உறுப்பினரே மனுதாரராக இருந்தால், அவர் மனுவைச் சரிபார்க்கும்போது அவர் கலந்துகொள்ளக் கூடாது.

பிறகு ஊர் கூடி ஓட்டுப் போடணும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆகஸ்ட் 15 கூட்டம் போல வந்தவரை போதும் என்று நடத்திவிட முடியாது. சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வரணும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனுக்கள் மீது தீர்மானம் போடுவதென்றால் மனுதாரர்களில் பாதிப் பேராவது, நேரிலோ பிரதிநிதி மூலமோ, இருந்தாக வேண்டும். வந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே தீர்மானம்.

காப்பி பறிக்கும் நேரத்தில், மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து பாதிப் பேரைக் கூட்டுவது லேசான காரியமா? இல்லைதான். அதனால்தான் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் என்றில்லாமல், குக்கிராம அளவிலேயே கூட்டச் சொல்லி மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-இல் வழிகாட்டியது.

இந்த ஓட்டு எவ்வளவு கனமானது என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பாருங்கள். பாக்சைட் சுரங்கம் தங்கள் உரிமைகளைப் பாதிக்குமா என்று கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. கொல்லிமலையிலும் ஒரு காலத்தில் பாக்சைட் தோண்டியவர்கள் உண்டு.

சபை தீர்மானத்தோடு பட்டா கைக்கு வந்துவிடாது. உட்கோட்டக் குழு பார்க்கும். கடைசி முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுடையது. ஆனால் சபை தீர்மானம் உங்களுக்குப் பாதகமானால், 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் மனுச் செய்யலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் அதை முடிக்கக் கூடாது. ரசீது, பழைய ஆவணம் இல்லையா? ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்றுதான்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கைப்பேசியை மறக்காதீங்க. ஒப்புகைச் சீட்டு, வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து, தீர்மானம் எழுதிய பக்கம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் தேதி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 60 நாள் கணக்குக்கு அது வேண்டும்.