புரதச் சுருளில் ஒரு ஸ்பிரிங் சோதனை

சோழவரம், கும்மிடிப்பூண்டி பக்கம் பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகளுக்கு ஹூக் விதி தலைகீழ்ப் பாடம். ஆனாலும் புரதத்தை மடிக்கும் ஃபோல்டிட் கணினி விளையாட்டில் ரப்பர் பேண்டைப் போட்டதும், அது குதிக்கும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குதிக்காது. ஜி.என்.டி. சாலைப் பள்ளத்தில் இறங்கிய லாரியைப் போலக் குலுங்க நிறையும் வேகமும் வேண்டும். ‘விக்கிள்’ கட்டளையின் கணக்கில் இரண்டும் இல்லை. ஆற்றல் குறையும் பக்கமாகப் புரதத்தை நகர்த்தி, இழுப்பும் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் அது நிறுத்திவிடும். அலைவைத் தேடாதீர்கள், நின்ற நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

குக்புக்கில் புதிய லுவா ரெசிப்பி திறக்கத் தெரியும்தானே? நீளமான ஆல்ஃபா சுருள் உள்ள புதிராக எடுங்கள். தொளதொளப்பான வளைவுகளில் ஹூக் கணக்கு நிற்காது.

பேண்ட் இல்லாமலே முதலில் விக்கிள் ஓட்டுங்கள், மதிப்பெண் அசையாமல் நிற்கும்வரை. அதைக் குவிக்சேவில் போடுங்கள். இப்போது 5ஆம், 15ஆம் கண்ணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அச்சிடச் சொல்லுங்கள். சுருளில் கண்ணிக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏற்றம் என்பதால் சுமார் 15 வரும்.

இனிதான் எல்லோரும் சறுக்குவது. அந்த இரண்டு கண்ணிகளுக்கு இடையே பேண்டைப் போட்டு, அதன் இலக்கு நீளம் 18, வலு 1 என்று வைத்து விக்கிள் ஓட்டி, நீளத்தைக் குறிப்பார்கள். பிறகு அப்படியே வலுவை 2 ஆக்குவார்கள். கூடாது! ஏற்கெனவே இழுபட்ட சுருளையே மறுபடி இழுக்கிறீர்கள். ஒவ்வொரு வலுவுக்கும் குவிக்லோடு, எல்லா பேண்டுகளையும் நீக்கு, புதிதாகப் போடு, பிறகு விக்கிள். இந்த நான்கையும் லூப்புக்குள்ளேயே எழுதுங்கள். கையால் செய்தால் ஒன்றை மறப்பீர்கள். விக்கிள் முதுகெலும்புக்கு மட்டும் போதும், பக்கக் கிளைகளைத் தொடவேண்டாம். நீளம் மாறாமல் நிற்கும்வரை ஓட்டுங்கள். பாதியில் எடுத்த அளவு குப்பை.

சுருளின் விறைப்பு = வலு × (இலக்கு − நின்ற நீளம்) ÷ (நின்ற நீளம் − பழைய நீளம்). பழைய நீளம் 15, வலு 1இல் நின்றது 16 என்றால் விறைப்பு 2. அப்படியானால் வலு 2இல் 16.5இல் நிற்கவேண்டும். நின்றால் சுருள் ஹூக் சொன்னபடி நடக்கிறது.

நிற்கவில்லையா? ராமச்சந்திரன் வரைபடத்தைத் திறங்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு தந்த அதே படம்தான் விளையாட்டுக்குள்ளும் இருக்கிறது. சுருளின் புள்ளிகள் −60, −45 பாகைப் பக்கம் கூட்டமாக இருக்கவேண்டும். சிதறியிருந்தால் சுருள் முறிந்துவிட்டது, வலுவை 0.5க்கு இறக்கி மறுபடி தொடங்குங்கள்.