ஆர்க்கிடெக்ட் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு: பத்தாம் வகுப்பிலேயே தெரிய வேண்டியவை

 

நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிக் குடும்பங்களில் கொத்தனாராகவும் காண்ட்ராக்டராகவும் ஊரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்தவர்கள் பலர். பிறர் வரைந்த பிளானைப் பார்த்துக் கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பிளானை வரையும் படிப்பு நம் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியதுதான். ஆனால் அதற்கான கதவு பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே திறக்கிறது, அல்லது மூடிக்கொள்கிறது.

யார் ஆர்க்கிடெக்ட்?

சிவில் இன்ஜினியர் வேறு, ஆர்க்கிடெக்ட் வேறு. கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்கிடுபவர் இன்ஜினியர். அறைகள், வெளிச்சம், காற்று, அழகு, பயன்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டடத்தை வடிவமைப்பவர் ஆர்க்கிடெக்ட். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டு வரைபடம் வரைவதையே மற்றவர்களுக்கு இச்சட்டம் தடுக்கவில்லை, பட்டப் பெயரைத்தான் தடுக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, சில மாத இன்டீரியர் டிசைன் கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்கலாம். ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது.

எந்த குரூப்?

பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். கணிதம்–உயிரியல், கணிதம்–கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் பொருந்தும். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவு பொருந்தாது. வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதம் இருந்தாலும் இயற்பியல் இல்லாததால் பொருந்தாது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் கணிதத்துடன் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தேவையான மதிப்பெண் சதவீதத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரும் வழிகள்

1. கவுன்சில் நடத்தும் ‘நாட்டா’ தேர்வு. வரையும் திறனும் சிந்திக்கும் திறனும் இதில் சோதிக்கப்படும். இந்த மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சம அளவில் சேர்த்து, தமிழக அரசின் பி.ஆர்க். கலந்தாய்வில் தரவரிசை வரும்.

2. ஜே.இ.இ. மெயின் தேர்வில் பி.ஆர்க்.குக்கு உரிய தாள். நமக்கு அருகிலேயே உள்ள திருச்சி என்.ஐ.டி.யில் சேர இதுவே வழி. அங்கு பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியவை.

படிப்பு ஐந்து ஆண்டுகள். அதில் அலுவலகப் பயிற்சியும் உண்டு. பட்டம் பெற்றதும் கவுன்சிலில் பதிவு செய்து எண் பெற வேண்டும். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் பதிவுக்கு வழியில்லை; ஐந்து ஆண்டு உழைப்பும் செலவும் வீணாகும்.

சான்றிதழ்கள்

மாநிலக் கலந்தாய்வில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. லெப்பை, ராவுத்தர், தக்னி, ஷேக், சையத் முதலான பிரிவினர் பி.சி.எம். என்று தெளிவாகக் குறித்த சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். என்.ஐ.டி.யில் இந்த 3.5 சதவீதம் கிடையாது. மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ள பிரிவினர் அதற்கென்று தனிச் சான்றிதழ் பெற வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதா என்று சிலர் கேட்கிறார்கள். பாக்தாதில் பிறந்த ஜஹா ஹதீத் முதலில் பெய்ரூட்டில் கணிதம் படித்தார். பிறகு லண்டனில் கட்டடக்கலை கற்றார். 2004இல் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ‘கணக்கு கஷ்டம்’ என்று கேள்விப்பட்டதை வைத்து குரூப்பை மாற்றிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கலந்து பேசி முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்