ஊர்கூடிக் கணக்கிடல்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்கள் பல உள. மழைக்கு முன்னர் ஊரார் கூடி அவற்றைத் தூர்வாரிக் கரை உயர்த்துவது பண்டை வழக்கம். அதனைக் குடிமராமத்து என்பர். இன்று கணிப்பொறி உடையோரும் அத்தகைய பணியொன்று செய்கின்றனர். புரதங்கள் மடியும் இயல்பை ஆராய 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘போல்டிங் அட் ஹோம்’ என்னும் திட்டம், பெருங்கணக்கைச் சிறு கூறுகளாக்கி இணையத்தின் வழியே வீடுதோறும் அனுப்புகின்றது. செய்வோர்க்கு ஊதியம் இல்லை; மின்கட்டணமும் அவர்களுடையதே.

இக்கணக்கை விரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டு. படம் காட்டுதற்கென அமைந்த அதனுள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சிறு கணிப்பான்கள் ஒருங்கே உழைக்கும். ஆயினும் விரைவொன்றையே நோக்கி அதனை வாங்குதல் தகாது. 300 வாட் கொள்ளும் கார்டு நாள் முழுதும் இயங்கின் 7.2 யூனிட் மின்சாரம் செலவாகும். 75 வாட் கார்டுக்கு 1.8 யூனிட்டே. அம்மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாய் அறையில் பரவும். சித்திரை மாதத்து மதுரையில் இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை! ஆதலின் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கணக்கு முடிகின்றது என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும். அவ்வகையில் பெரிய கார்டே வெல்வதும் உண்டு. அதன் விசையைச் சற்றுக் குறைத்து இயக்குவோர், வேகம் சிறிது குறையினும் மின்சாரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்துவர். மிகப் பழைய கார்டோ, விலை மலிவாயினும் உதவாது. கூறு ஒவ்வொன்றுக்கும் தவணை உண்டு. தவணை தவறின் அக்கூறு வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும்.